ஜீப்பின் மேல் கூடாரத்துக்கு ஓர் ஏணி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. கன்னியாகுமரிக்குக் கிளம்பிய நாங்கள் ஜீப்பை ஓரமாக நிறுத்தியிருக்கிறோம். அதன் கூரைமேல் கேன்வாஸ் கூடாரம் தயாராக இருக்கிறது. ஏறிப் படுக்க ஏணிதான் இல்லை. சிறு வயதில் வந்த போலியோவால் என் கணவருக்கு இடது கால் சூம்பியிருக்கிறது. அதனால் ஏணியை நானே தேர்ந்தெடுக்கிறேன். பழைய சாமான்களுக்கு நடுவே கிடக்கும் அலுமினிய ஏணியைத் தூக்கிப் பார்க்கிறேன்.

"இது லேசா இருக்கு. அவரால ஏற முடியலேன்னா ஜீப்புக்குள்ளயே படுத்துப்பார்."

கடைக்கார பாய் தள்ளி நிற்கும் என் கணவரைப் பார்த்துக் கேட்கிறார்: "சார், எந்தக் காலை மொதல்ல வெப்பீங்க?"

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நான் அவரிடம் இதைக் கேட்டதே இல்லை.

"வலது கால். படி அகலமா இருக்கணும், ரெண்டு காலும் சேர்ந்து நிக்கற மாதிரி."

"அப்ப இந்த உருட்டுப் படி ஒங்களுக்கு பேஜாரு சார். இத்தப் பாருங்க."

பட்டைப் படிகள் வைத்த கனமான இரும்பு ஏணியை பாய் ஜீப்பின் கேரியரில் சாய்த்து மாட்டுகிறார். கணவர் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுகிறார். தாங்கப் போன என் கையைப் பார்த்து வேண்டாமென்று தலையசைக்கிறார். மேலே உட்கார்ந்து சிரிக்கிறார்.

"நீயும் வா."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்றாம் படி வரை போகிறேன். இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடிக்கிறேன். கீழே பார்க்காமலே சொல்கிறேன்: "பாய், ஏணிய கொஞ்சம் புடிச்சுக்கோங்க."