மேடை ஏற்றப்பட்ட மீன்காரி

கிளெபார்ஷ் சந்தையில் லுத்விகா அக்காவின் மீன்கடைக்கு அடுத்தது என் கடை. நான் புளித்த முட்டைக்கோஸ் விற்கிறேன். அக்காவுக்குச் சிறுநீரகத்தில் வந்த புற்று நுரையீரலுக்கும் பரவியபோது, டாக்டர் திமோன் ஒரு புது மாத்திரையைச் சோதனையாகக் கொடுத்தார்.

“கட்டி நம்ம உடம்போட காவல்காரங்க கண்ணைக் கட்டிப்போடுதும்மா. ஊசி வழியா ஏத்துற மருந்து அந்தக் கட்டை அவுத்துவிடும். அதே வேலையைச் செய்யுற குட்டி மருந்து இது. முழுங்கிட்டுக் கடைக்குப் போயிடலாம்.”

“கண்ணு தெரிஞ்சதும் அவங்க என்னையே அடிச்சாங்கன்னா?”

“அதுவும் நடக்கலாம். வயித்தால போச்சுன்னா உடனே ஓடி வந்துடுங்க.”

அக்காவுக்குக் கட்டிகள் சுருங்கின. அதே மாத்திரையைத் தின்ற கிராச்யன் என்ற டிராம் ஓட்டுநருக்குக் குடல் வெந்துபோயிற்று. டாக்டரிடம் ஓடித்தான் போனார், காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் அவருடைய பிளாஸ்க்கிலிருந்து அக்கா எத்தனையோ முறை தேநீர் குடித்திருக்கிறாள்.

அந்த மருந்துக் கம்பெனியை விலை பேச வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஹோட்டலில் விருந்து. அக்காவையும் அழைத்தார்கள், துணைக்கு நான் போனேன். கம்பெனித் தலைவர் செவெரின் அவளை மேடையேற்றித் தோளில் கைபோட்டார். ஈரக் கை. வாயில் விருந்தில் தின்ற வெங்காயமும் பச்சை மாட்டிறைச்சியும் நாறின.

“படுத்த படுக்கையா கிடந்தாங்க. இன்னிக்கு நடந்து வந்திருக்காங்க! இந்த மருந்தால ஒருத்தருக்கும் பெரிய கெடுதல் வந்ததில்லை.”

அக்கா ஒருநாளும் படுக்கையில் கிடந்தவள் இல்லை. அவள் முன்வரிசையைப் பார்த்தாள். டாக்டர் திமோன் தலை குனிந்து சால்மன் மீன் மென்றுகொண்டிருந்தார்.

அக்கா ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். “நான் படுக்கவே இல்லய்யா, கெண்டை மீன் வெட்டிக்கிட்டிருந்தேன். படுத்தது கிராச்யன். ரத்த ரத்தமாப் போயே செத்தாரு. அவரு இவங்க கணக்குல ஒருத்தர் இல்லையா?”

செவெரின் சிரித்தார். “பாவம், உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க.”

“கையை எடுடா, நாயே!”

கழிப்பறையில் தோள்பட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். வாந்தியும் எடுத்தாள். வெளியே வந்தபோது வெளிநாட்டுக்காரி ஒருத்தி காத்திருந்து, கிராச்யனின் முழுப் பெயரைக் கேட்டுக்கொண்டாள். குடல் விவகாரத்தை விசாரிக்கும்வரை கம்பெனியை வாங்கப்போவதில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டதாக பிறகு தெரிந்தது.

அடுத்த முறை மாத்திரை வாங்கப் போனபோது திமோன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்கும் எந்திரிச்சுச் சொல்லணும்னுதாம்மா இருந்துச்சு.”

“எப்படிச் சொல்லுவீங்க? வாய் நிறைய மீனு. மாத்திரையை மேசையில வைங்க, நானே எடுத்துக்கறேன். உங்க கை என்மேல பட வேணாம்.”

மாத்திரையை அக்கா இன்னும் விடவில்லை. அது வேலை செய்கிறதே! காலையில் கடையைத் திறந்ததும் மீன் குடலை விழுங்குபவள்போல் முகத்தைச் சுளித்து விழுங்குகிறாள். ஒரு முறை காறித் துப்பிவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறாள்.