தேய்ந்த புஷ்ஷும் சி.என்.சி. லேத்தும்

1. கீழே இறங்கும் பேச்சு

எண்பதுகளின் பின்பாதி. பெருமாள்மலையில் ஒரு லேத் பட்டறையில் நான் ஹெட் டர்னர், கடைசல்காரர்களில் மூத்தவன். காப்பிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைப் பிரிக்கும் மெஷினுக்கு பல்ப்பர் என்று பெயர். எந்த எஸ்டேட்டில் பல்ப்பர் நின்றாலும் கழற்றிய பாகம் சாக்கில் கட்டி எங்களிடம்தான் வரும்.

ஒருநாள் காலையில் எங்கள் முதலாளி சௌந்தரபாண்டி வழுவழுப்பான ஒரு கேட்லாக்கை என் லேத்தின் மேலேயே விரித்து வைத்தார். அதில் எண்ணெய் பட்டுவிடுமே என்று எனக்குக் கவலை. அவர் முகத்தில் கல்யாணக் களை.

“ராசலிங்கம், சி.என்.சி. லேத் எடுக்கப் போறேன். நம்பரத் தட்டி விட்டா அதுவே கடைஞ்சு போட்டுரும். ஆனா இம்புட்டுப் பெரிய மெஷினு காட் ரோட்டுல ஏறாது. பட்டறையவே வத்தலக்குண்டுக்கு எறக்கிருவோம். அங்க கம்பெனி ஜாப்பு நெறையக் கெடக்கு.”

அவருக்கு அது சொந்த ஊர். எனக்கு அப்படியா? நான் பிறந்தது இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். லேத் பிடிக்கக் கற்றதும் அந்தத் தோட்டத்து ஃபேக்டரியில்தான். எழுபதுகளில் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலையில் வந்து ஒட்டிக்கொண்டோம். மனைவி எஸ்டேட்டில் பழம் பறித்தாள். பட்டறையில் என்னைப் போல வந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். கீழே போனால் எனக்கு லேத் இருக்கும். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு என்ன வேலை இருக்கும்?

வீட்டில் சொன்னதும் மனைவி உலையில் அரிசியைப் போட்டபடியே சொன்னாள்: “நீங்க போறதுன்னா போங்க. நா இனி பெட்டி கட்டுறதா இல்ல.”

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு குறையும், வேலை கூடும். மறுநாள் முதலாளியிடம் போய் நின்றேன்.

“மொதலாளி, மெஷினு வேணாங்கல. மேல ஏறுற மெஷினாப் பாருங்க.”

“ஏப்பா, சின்ன மெஷினு பொம்மை மாதிரி இருக்கும். அதுல என்ன சோலி நடக்கும்?”

“கோயமுத்தூருல போயி ரெண்டையும் பாப்போம். நம்ம ஜாப்பையே ஓட்டிப் பாப்போம். பெறகு சொல்லுங்க.”

சரி என்றார். அவருக்கும் மெஷினை நேரில் பார்க்கும் ஆசை இருந்தது.

2. பத்துப் புஷ்

தாண்டிக்குடி எஸ்டேட் மெக்கானிக் சவரிமுத்து கழற்றி அனுப்பிய பல்ப்பர் புஷ் ஒன்று பட்டறையில் கிடந்தது. ஷாஃப்ட் சுழலும்போது அதைத் தாங்கும் கன்மெட்டல் வளையம் அது. அதையே எடுத்துப் போனோம்.

மெஷின் கம்பெனி இன்ஜினியர் மோகன் நல்ல பையன். “ட்ராயிங் இருக்குங்களா?” என்று கேட்டார். எங்கள் பட்டறையில் ட்ராயிங் ஏது? புஷ்ஷை வெர்னியரில் அளந்து, உள்ளளவு, வெளியளவு, நீளம் மூன்றையும் முதலாளி சொல்ல நான் வரைந்து கொடுத்தேன். மோகன் புரோகிராம் போட்டார். அன்று சின்ன மெஷின்தான் ஓட்டிக் காட்டத் தயாராக இருந்தது. பத்துப் புஷ்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி வந்து விழுந்தன. முதலாளி ஒவ்வொன்றாக மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

தாண்டிக்குடிக்கு இரண்டை அனுப்பினோம். அடுத்த நாளே சவரிமுத்து ஜீப்பில் வந்து இறங்கி, இரண்டையும் பெஞ்சில் போட்டான்.

“ஏலே ராசலிங்கம், இது புஷ்ஷா, எங்க வீட்டுக்காரிக்கு வளையலா? ஷாஃப்ட்டுல போட்டா கடகடன்னு ஆடுது!”

விஷயம் இதுதான். காலம் காலமாக எங்களுக்கு வருவது தேய்ந்துபோன பழைய புஷ். அதைப் பார்த்ததும் கை தானாகத் தேய்மானத்தைக் கழித்துக்கொள்ளும். கொஞ்சம் இறுக்கமாகவே கடைந்து அனுப்புவோம். எஸ்டேட் மெக்கானிக் சுரண்டி உட்கார வைப்பான். யாரும் யாரிடமும் சொல்லாமலே நடந்த பழக்கம். ட்ராயிங்கில் அந்தப் பழக்கத்தை எழுத எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. வெர்னியர் காட்டியதை அப்படியே எழுதிவிட்டோம்.

மீதி எட்டையும் வேறு எஸ்டேட்டுகளில் போட்டுப் பார்த்தோம். சிலதில் நுழையவில்லை, சிலதில் நிற்கவில்லை. முதலாளி டிரங்க் கால் போட்டு மோகனைத் திட்டினார். கொடைக்கானலுக்கு வேறு வேலையாக வந்த மோகன் பட்டறையிலும் எட்டிப் பார்த்தார்.

“மெஷின் தப்புப் பண்ணலீங்க. தேஞ்சதைக் குடுத்தீங்க, தேஞ்சதையே பத்துத் தடவை குடுத்துருக்குது. அதை விடுங்க. உங்ககிட்ட ஒரே மாதிரி ஜாப் என்னென்ன இருக்குதுங்க?”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பெஞ்சைப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

“அப்ப முடிஞ்சுது. ஒரே மாதிரி சோலி கம்பெனியிலதான் கெடைக்கும். பெரிய மெஷினையே எடுத்துக் கீழ போட்டுருவோம். இந்தப் பழம் பறிப்பு முடியட்டும்” என்றார் முதலாளி.

3. மூன்று அளவு

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இருக்கவில்லை. வெள்ளனே கிளம்பி, பஸ்ஸோ ஜீப்போ கிடைத்ததைப் பிடித்து, எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் பல்ப்பர் ஷாஃப்ட்டுகளை அளந்தேன். வாங்கும்போது அவை மூன்றே அளவில் வந்தவை. இப்போது எதுவும் எதோடும் ஒத்துப்போகவில்லை. ஏன் என்று யோசித்தால், செய்தவர்கள் நாங்கள்தான். ஷாஃப்ட் தேய்ந்தால் கொஞ்சம் கடைந்து மெலிய வைப்போம், அதற்கேற்றபடி சிறிய துளையுள்ள புஷ் போடுவோம். திரும்பத் தேய்ந்தால் திரும்ப அதே வைத்தியம். நாங்கள் வைத்தியம் பார்த்தே ஒவ்வொரு பல்ப்பரையும் தனி ஜாதி ஆக்கியிருந்தோம்.

அதைத் திருப்பிவிட்டால் என்ன என்று தோன்றியது. மெலிந்த ஷாஃப்ட்டின் மேல் ஸ்லீவ் என்கிற இரும்பு உறையை ஏற்றி, பழையபடி மூன்று அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால், புஷ்ஷும் மூன்றே அளவுதான். அப்போது மலையிலேயே ஒரே மாதிரி ஜாப் இருக்கும்.

முதலில் சவரிமுத்துவிடம் போனேன். அவன் காது கொடுத்துக் கேட்கவே இல்லை.

“நல்லா ஓடுறத எதுக்குப் பிரிக்கணும்? ஒனக்குச் சோலி இல்லைன்னா என் பல்ப்பர்தான் கெடைச்சுதா?”

“ஓடாம நிக்கிற அன்னைக்குப் பிரிக்க ஒனக்கு நேரம் இருக்குமா, சொல்லு.”

“போடா சிலோன்காரா.”

நான் போகவில்லை. அவன் மதியச் சாப்பாட்டை முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். என்னை விரட்டுவதற்காகவே ஒரு பல்ப்பரைக் கொடுத்தான். அது சத்தமில்லாமல் ஓடுவதைப் பார்த்து மற்றதையும் கொடுத்தான். பிறகு பக்கத்து எஸ்டேட்காரர்கள் அவனிடம் விசாரித்தார்கள். என்னை எவ்வளவு திட்டினானோ, அவ்வளவுக்கு அவர்களிடம் எனக்காகப் பேசினான். முதலாளி தடுக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. நான் பழைய லேத்திலேயே மூன்று அளவிலும் புஷ் கடைந்து அலமாரியில் அடுக்கினேன்.

4. பழம் சிவந்த வாரம்

பறிப்பு உச்சத்தில் இருந்தது. உச்சிவேளையில் சவரிமுத்துவின் ஜீப் வந்து நின்றது. அவன் சட்டையெல்லாம் காப்பிப் பழச்சாறு.

“வெரசா வாப்பா! புஷ்ஷு தீஞ்சு உருகிப் போச்சு. பறிச்ச பழம் மலையாக் குமிஞ்சு கெடக்கு. இன்னைக்கே உரிக்கலைன்னா அம்புட்டும் புளிச்சு நாறிரும்.”

முன்பென்றால் அளந்து, கடைந்து, போட்டுப் பார்த்து, இருட்டிவிடும். நான் அலமாரியிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

“அளவு பாக்க வேணாமா?”

“வேணாம். கெளம்பு.”

அவன் நம்பாமலேதான் போனான். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து அலமாரி முன் நின்றார். பொழுது சாயுமுன் போன் வந்தது: பல்ப்பர் ஓடுகிறது, பழம் பாதி முடிந்தது. போனை வைத்துவிட்டு இன்னொரு புஷ்ஷை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“இத எத்தன எஸ்டேட்டு எடுக்கும்?”

“மாத்துன எல்லாரும், மொதலாளி. மாத்தாதவங்களும் மாத்துவாங்க.”

“இத்துனூண்டு சாமானுக்கு எதுக்குப்பா பெரிய மெஷினு?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கன்மெட்டல் தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

சின்ன மெஷினையே எடுத்தோம். எங்கள் பெரிய புஷ்ஷைப் பிடிக்கும் சக் இருக்கிறதா, சாதாரண லாரியில் வளைவு திரும்பி ஏறுமா, பழுதென்றால் அன்றே கிளம்பி வர ஆள் இருக்கிறாரா என்று பார்த்தோம். மலைக் கரண்டுக்கு ஸ்டெபிலைசர் வைத்தோம். பனி உள்ளே இறங்காமலிருக்கக் கண்ட்ரோல் பேனலுக்குள் ஒரு குண்டு பல்பை எப்போதும் எரியவிட்டோம். இதெல்லாம் எந்தக் கேட்லாக்கிலும் கிடையாது.

இப்போது பட்டறை தொடங்கும் பிள்ளைகள் எந்த சி.என்.சி. வாங்கலாம் என்று கேட்கிறார்கள். முதலில் உன் பெஞ்சில் கிடக்கிற வேலையைப் பார் என்பேன். அது திரும்பத் திரும்ப வருகிற வேலையா? இல்லையென்றால் அதை அப்படி ஆக்க முடியுமா? இதற்குப் பதில் கிடைத்த பிறகு மெஷின் கம்பெனிக்குப் போ. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நீ கேட்டதைத்தான் கொடுப்பார்கள்.

மெஷின் வந்து சில வருஷம் கழித்து, மலையின் அந்தப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் வந்தார்.

“பெருமாள்மலை சைஸுல நடுப்புஷ்ஷு ரெண்டு குடுங்க.”

“அது என்ன சைஸுங்க?” என்றேன், வேண்டுமென்றே.

“என்னங்க, பட்டறைக்காரர் நீங்களே கேக்குறீங்க? மலை பூரா அப்படித்தான சொல்றாங்க.”

இலங்கையில் இருந்தபோது எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்த பின் சிலோன்காரன் ஆனோம். நான் கடைந்த பொருளுக்கு நான் வாழும் ஊரின் பெயர் வந்துவிட்டது. புஷ்ஷைக் கொடுத்து அனுப்பிவிட்டு, வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மனைவி நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“அப்ப இனி யாருக்கும் நம்மள எறக்க ஏலாது.”