போடாத மூன்று தோப்புக்கரணம்

1. சோடா

மந்தைவெளியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்கோ டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி இரண்டு வருடம் ஸ்கூபா டைவர்களின் இதயத்தில் குமிழி எண்ணினேன். அபிராமபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் இதை இன்னும் நம்பவில்லை.

டைவர்களைப் பற்றிய அந்த ஆய்வை நடத்தியவர் டாக்டர் நஸீமா. முதல் நாளே உட்காரவைத்து விளக்கினார். ஆழத்தில் அழுத்தம் அதிகம். டைவர் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்துகொள்ளும். மேலே வரும்போது அழுத்தம் குறைய, கரைந்தது குமிழியாகப் பிரியும். கொஞ்சமாக வந்தால் நுரையீரல் வடிகட்டிவிடும். அளவு மீறினால் மூட்டு வலி, மரத்துப்போதல், சில நேரம் அதைவிட மோசம்.

“பன்னீர் சோடா மாதிரியா டாக்டர்?” என்றேன்.

“அதேதான். அவசரப்பட்டு மூடியை நீங்க திறக்காம இருந்தா சரி.”

நீலாங்கரைப் பக்கம் கடலில் இறங்கிவிட்டு டைவர்கள் வேனில் நேராக எங்களிடம் வருவார்கள். முதலில் கை ரத்தக்குழாய் டெஸ்ட். பி.பி. பார்ப்பதுபோல் கையில் கஃப் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துவோம். கஃபைத் தளர்த்தியதும் குழாய் விரிய வேண்டும். டைவ் முடித்து வந்தவர்களுக்குப் பல நேரம் அது வழக்கத்தைவிடக் குறைவாகவே விரியும். குழாயின் உள்சுவர் கொஞ்ச நேரத்துக்கு மந்தமாகிவிடுகிறது என்றார் டாக்டர். காபி குடித்தால் ரீடிங் மாறும் என்பதால் அவர்களுக்குக் காலையிலிருந்தே காபி கிடையாது.

கஃப் இறுக்கிய ஐந்து நிமிடமும் அவர்களால் கையை அசைக்க முடியாது. சரியாக அப்போதுதான் நான் என் ஃபிளாஸ்க்கைத் திறப்பேன். அறை முழுக்க டிகாக்‌ஷன் மணக்கும். “நீங்க பாட்டுக்குப் படுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு நிதானமாக ஆற்றுவேன். நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு இது போதும்.

2. காது

அடுத்து இதயம். டைவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மார்பில் ஜெல் தடவி, ஸ்கேன் கருவியின் முனையான ப்ரோபை வைத்தால், குமிழிகள் வலது அறைகளில் வெள்ளைப் புள்ளிகளாக ஓடும். படுத்திருக்கும்போது திரை சுத்தமாக இருக்கலாம். கால் தசையில் தங்கியிருப்பவை உட்கார்ந்து எழுந்தால்தான் கிளம்பி வரும். அதனால் ஃபாரத்தில் இரண்டு கட்டம்: ‘ஓய்வில்’, ‘அசைவுக்குப் பின்’. ஒவ்வொன்றிலும் குமிழிக்கு ஒரு தரம் எழுத வேண்டும்; குமிழி கூடக்கூடத் தரமும் கூடும். மூன்று முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள் என்பதுதான் டாக்டரின் உத்தரவு.

காதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது நான். “காதைப் பிடிச்சாதான் ரத்த ஓட்டம் சீரா வரும்” என்று முகம் மாறாமல் சொல்வேன். படித்தவர்கள்கூட மாற்றுக் கை போட்டுப் பிடித்தார்கள்.

ஆரோக்கியம் மட்டும் சந்தேகப்பட்டார். சாந்தோம்காரர், ஐம்பதை நெருங்கிய டைவிங் இன்ஸ்ட்ரக்டர். “இன்னா சார், மாதா கோயிலுக்குப் போறவனைப் புள்ளையாராண்ட தள்ளி வுடுறீங்க?”

“மெஷினுக்கு மதம் கிடையாது ஆரோக்கியம்.”

போட்டார். அது விளையாட்டு என்று பிறகு தெரிந்தபோது அவரும் சிரித்தார். புது ஆட்கள் வந்தால் எனக்குக் கண்ணடிப்பார். ரிசப்ஷனில் இருந்தவர்கள் இதற்கு மூணு மணி ஷோ என்று பெயர் வைத்து, கதவருகே வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

3. ஒரு சனிக்கிழமை

அன்று ஆரோக்கியம் நான்கு மாணவர்களோடு வந்தார். காலையிலிருந்து இரண்டு டைவ் முடித்திருந்தார். மறுநாள் அந்த நால்வருக்கும் கடைசி ஆழ டைவ். கூட இறங்க வேறு இன்ஸ்ட்ரக்டர் இல்லை. குமிழி தரம் இரண்டைத் தாண்டினால் டாக்டர் அவரை மறுநாள் தண்ணீரில் இறங்கவிட மாட்டார். அந்த ஒரு கட்டத்தில் நான் எழுதும் எண்தான் முடிவு செய்யும்.

ஓய்வில் இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும். தரம் ஒன்று. “எழுந்திருங்க, மூணு போடுங்க” என்றேன். மாணவர்கள் கதவருகே செல்போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வாத்தியார் தோப்புக்கரணம் போடுவார், வந்து பாருங்கள் என்று வெளியில் அவர்களிடம் சொல்லி வைத்திருந்ததே நான்தான்.

ஆரோக்கியம் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “சார், பசங்க முன்னாடி வேணாம். நாளைக்கு ஆழத்துல நான் சொல்றத அவனுங்க கேக்கணும்.”

காதை விடுங்கள், சும்மா உட்கார்ந்து எழுந்திருங்கள் என்று சொல்லியிருக்கலாம். கதவைச் சாத்தியிருக்கலாம். கதவு இரண்டு எட்டில் இருந்தது. நான் மாணவர்கள் பக்கம் திரும்பி, “உங்க வாத்தியாருக்கு வெட்கமாம்” என்றேன். சிரித்தார்கள். அவர் சட்டையை எடுத்துப் பட்டன் போட ஆரம்பித்தார்.

இரண்டாவது கட்டத்திலும் ஒன்று என்று எழுதினேன்.

4. பிறகு

ஞாயிற்றுக்கிழமை ஆழ டைவ் முடித்துப் படகில் திரும்பும்போதே ஆரோக்கியத்துக்குத் தோள்பட்டை வலி. கரைக்கு வருவதற்குள் வலது கை மரத்துவிட்டது. ஆக்சிஜன் கொடுத்து, மறுபடி அழுத்தம் ஏற்றிக் குமிழியைச் சுருக்கும் அழுத்த அறை இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். வலி போய்விட்டது. இரண்டு விரல்களில் உணர்ச்சி திரும்பவில்லை. இனி கடலில் இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவில்லை, ஃபாரம் ஒழுங்காக இருந்தது. கடைசியில் டாக்டரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஃபாரத்தைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தார். “ரெண்டாவது கட்டத்துல இருக்கறத நீங்களே அடிச்சுடுங்க. பக்கத்துல ‘பார்க்கவில்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க.”

சாந்தோமில் அவர் வீட்டுக்குப் போனேன். ஆரோக்கியத்திடம் முழுவதையும் சொன்னேன். பிறகு கேட்டார்.

“காதைப் புடிக்காம குந்தி எழுந்திருந்தாலும் குமிழி தெரிஞ்சிருக்குமா சார்?”

“இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“அப்ப காது எதுக்கு?”

“சிரிக்கிறதுக்கு.”

மரத்த இரண்டு விரல்களையும் தேய்த்துக்கொண்டார். “நல்லாத்தான் இருந்துச்சு, என்னைய வச்சி அவனுங்க சிரிக்கிற வரைக்கும்” என்றார். அப்புறம் நாற்காலியைத் தள்ளி இடம் விட்டார். “இப்ப நீங்க போடுங்க சார். மூணு.”

எனக்கு அறுபத்தாறு வயது. முட்டி தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சீட்டே இருக்கிறது. அதைச் சொல்லவில்லை. காதைப் பிடித்து ஒன்று போட்டேன். இரண்டாவதில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. ஆரோக்கியம் எழுந்து வந்து, அறைக்கதவைச் சாத்திவிட்டு, இடது கையால் என்னைத் தூக்கி நிறுத்தினார்.

மூன்றாவதை அவர் கேட்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஜெல் பாட்டிலைத் தொடும் முன் கதவைச் சாத்துங்கள்.