மாமாவின் பெயரில் ஒரு டப்பா

ஆரியசாலையிலிருந்து விழிஞ்ஞத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். மாமாவின் தலையில் பாய், என் கையில் மாத்திரைப் பை. ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்த மாமாவுக்கு அன்று காலைதான் வேலை போயிருந்தது. காரணம் என் வயிறு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா வேலை செய்த செங்கல் சூளையில் சோறு போதாததால் என்னை மாமாவிடம் அனுப்பியிருந்தார்கள். ஓட்டல் சமையல்கட்டை ஒட்டி, விறகுக்குப் பக்கத்தில் இருவரும் படுத்துக்கொள்வோம்.

பத்து நாளுக்கு முன்பு முதலாளி ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார். "ஹெல்த் கார்டு வேணும். மலம் டெஸ்டு. வயிற்றில அணு உண்டெங்கில் பணி இல்லா, கேட்டோ."

மலையாளத்தில் கிருமியை அணு என்பார்கள். வந்து மூன்று மாதமே ஆன மாமாவுக்கு அது தெரியாது. அவருடைய ஊர் அணு உலைக்குப் பக்கத்தில். வெளுத்த முகத்தோடு என்னிடம் வந்தார்.

"மருமவனே, நான் அந்த உலைக் காத்துலயே வளந்தவம்லா. எனக்குக் கண்டிப்பா இருக்கும். நீ சூளையில பொறந்தவன், உனக்கு இருக்காது. இந்தா."

அதற்கு முன் என்னிடம் யாரும் உதவி கேட்டதில்லை. மனம் நிறைந்து செய்தேன்.

"மாமா, டப்பா பத்தல. இன்னொண்ணு இருக்கா?"

"போதும்ல. அவன் என்ன விருந்தா வைக்கப் போறான்?"

பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்துவிட்டேன். எதுவும் என்னை அவ்வளவு பெருமைப்படுத்தியதில்லை.

மாமாவின் பெயரில் போன டப்பா டைஃபாய்டு என்று எழுதிய தாளாகத் திரும்பி வந்தது. முதலாளி எட்ட நின்றே பேசினார்.

"எடா, நின்றெ வயிற்றில அணு உண்டு. இனி மாவில கை வைக்கண்டா."

"உலையில உள்ள அணுவா, மொதலாளி?"

"எந்து உலை? கிருமி, கிருமி! மருந்து முழுக்கத் தின்னணும்."

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். மாத்திரையை வாங்கிக்கொண்டார்.

நடக்கிற வழியில், திருவல்லம் பாலத்தில் பாயை இறக்கிவைத்து, ஒரு மாத்திரையை என் வாயில் போட்டார்.

"முழுங்குல. சீட்டுல என் பேருதான் இருக்கு. உன் வயித்துல வேல செய்யாமப் போயிராது."

"டப்பா என்னோடதுன்னு மொதலாளிட்ட சொல்லிருக்கலாம்லா, மாமா?"

"நடல, வெயிலு ஏறுது."

சொல்லியிருந்தால் திட்டிவிட்டு அவருக்கு வேறு டப்பா கொடுத்திருப்பார்கள். என்னை அந்தச் சமையல்கட்டுப் பக்கம் படுக்க விட்டிருக்க மாட்டார்கள்; சோறு போதாத சூளைக்கே நான் திரும்பியிருப்பேன். இது எனக்கு அன்று விளங்கவில்லை. மாமாவுக்குச் சாமர்த்தியம் போதாது என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

மாவு உருண்டையைத் தவிர வேறொன்றும் தூக்கிப் பழகாத மாமா, மறுநாள் காலை விழிஞ்ஞத்தில் ஒரு கட்டடத்துக்கு ஜல்லி சுமக்கச் சேர்ந்தார்.