ஓரமாய் வைத்த ரப்பர் கொட்டை

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். பத்திரிகைக்கு எழுதும் தகுதி எனக்கு இல்லை என்று தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் என் கடைசி மகள் பாடப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, சமூகப் பாடத்தின் பிரிவுகளை ஒப்பிக்கப் போவதாகச் சொன்னாள். சரித்திரம், பூகோளம், பொருளாதாரம் என்று சொல்லிவிட்டு நான்காவதில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பில் வேலை இருக்கிறது என்று நான் எழுந்து போய்விட்டேன். ஏன் எழுந்து போனேன் என்பதை எங்காவது சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது.

ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருடம். மலாயாவில் ரெம்பாவுக்கும் லிங்கிக்கும் நடுவே, ஆற்றை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பதினெட்டு வயது. பள்ளி வாத்தியாரையும், கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்து வீடுகளிலிருந்து ஆண்கள் இருபது பேரையும் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். வெள்ளைக்காரத் துரை எப்போதோ ஓடிவிட்டதால், கணக்கு எழுதும் கிராணிதான் தோட்டத்தை நடத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர். சயாமுக்கு யார் போவது என்ற பட்டியல் அவர் கையால் எழுதியது. அவர் நடந்து போனால் பெண்கள் முதுகுக்குப் பின்னால் காறித் துப்புவார்கள். நானும் துப்பியிருக்கிறேன்.

அவர்தான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "உமக்கு எழுத வாசிக்கத் தெரியும்தானே. நாளையிலிருந்து பள்ளிக்கூடத்தைப் பாரும்" என்றார். மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. காலையிலும் மரவள்ளிக்கிழங்கு, மாலையிலும் அதுதான். பாதிப் பிள்ளைகள் கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்து, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார்கள். நானும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். யார் யாரை எழுப்புவது என்றே தெரியாது.

வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகங்களை ஜப்பான்காரனுக்குப் பயந்து எரித்துவிட்டார்கள். வாத்தியாருடைய குறிப்பு நோட்டு ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் சமூகப் பாடம் என்று தலைப்பிட்டு, சரித்திரம், பொருளாதாரம், பூகோளம், குடிமை என்று எழுதி, 'சிறுவர்களுக்கு அவரவர் வீட்டிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் தொடங்குக' என்று குறித்திருந்தார். நாளுக்கு ஒன்றாக நடத்தலாம் என்று நினைத்தேன்.

முதல் நாள் சரித்திரம். உங்கள் அப்பா அம்மா எப்படி இந்த ஊருக்கு வந்தார்கள் என்று கேட்டேன். "எங்கப்பா கப்பல்ல வாந்தியா எடுத்துக்கிட்டே வந்துச்சாம், அக்கா" என்றான் ஒருவன். டீச்சர் என்று கூப்பிடச் சொல்லியும் யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் பொருளாதாரம். தோட்டத்திலிருந்து என்ன வெளியே போகிறது என்றேன். ரப்பர் என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒரு பெண் குழந்தை, "ஆம்பளைங்க" என்றாள். அன்று அதோடு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் பூகோளம். பள்ளிக்குப் பின்னால் இருந்த வெறும் தரையில் குச்சியால் கோடு கிழித்து, தோட்டத்தைப் படமாகப் போட்டோம். ஒரு கோடு ஆறு. ஓட்டுத் துண்டுகள் லயம். பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள். அவர்களை அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. அந்தச் சந்தோஷத்தில்தான் நான் தவறு செய்தேன். விடிகாலையில் கிராணி பேர் கூப்பிட்டு ஆள் சரிபார்ப்பதைப் பெரட்டு என்போம். பிள்ளைகள் விளையாடுவதும் அதைத்தான். அதனால், "நாமும் ஒரு பெரட்டு எடுப்போம். உங்கள் வீட்டு ஆளுக்கு ஒரு ரப்பர் கொட்டை. இந்நேரம் யார் எங்கே இருக்கிறார்களோ அங்கே வையுங்கள்" என்றேன்.

ஆளுக்கு ஆள் ஓடிக் கொட்டை பொறுக்கினார்கள். பால் வெட்டும் இடத்தில் அம்மாக்கள் நிறைந்தார்கள். ஆம்பளைங்க என்று சொன்ன அதே குழந்தை, ஏழு வயதிருக்கும், ஆற்றைத் தாண்டிச் சதுப்பு ஓரத்தில் ஒரு கொட்டையை வைத்தாள்.

"அங்க யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"எங்கப்பா."

அவள் அப்பா செத்து இரண்டு மாதமாகியிருந்தது. மூங்கில் வெட்டப் போன இடத்தில் ஆற்று வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. அவள் அம்மா தாலியைக் கழற்றிவிட்டு வெறுங்கழுத்தோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெரட்டில் எல்லோர் முன்னாலும் கிராணி அந்தப் பேரைக் கோடு போட்டு அடித்ததை நானே பார்த்தேன்.

"செத்துப்போனவங்களை வைக்கக் கூடாதும்மா" என்றேன்.

"சாவல அக்கா. நேத்துகூட அம்மா கிழங்கு கொண்டு போச்சு."

 அந்தக் கொட்டையை எடுக்கக் குனிவதற்குள் பின்னால் பூட்ஸ் சத்தம். சயாமுக்கு இன்னும் ஆள் தேடி வந்த ஜப்பான் அதிகாரி. பக்கத்தில் கிராணி. நாங்கள் எல்லோரும் இடுப்பை வளைத்து வணங்கினோம். அதிகாரி கோபப்படவில்லை. படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. குந்தி உட்கார்ந்து, கைப்பிரம்பால் ஓட்டுத் துண்டைத் தொட்டு, "ரூமா?" என்று மலாயில் வீடா என்று கேட்டார். தலையாட்டினேன். கொட்டைகளைத் தொட்டு, "ஓராங்?" என்றார். ஆட்களா என்று கேட்கிறார். அதற்கும் என் தலை தானாக ஆடிவிட்டது. பிரம்பு ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் நகர்ந்தது. தன் முறை வருகிறது என்று அந்தக் குழந்தை ஒரு அடி முன்னால் வந்து நின்றாள்.

கிராணி சப்பாத்துக் காலோடு படத்துக்குள் இறங்கினார். "என்ன பிள்ளை இது? கிழங்கு நட வேண்டிய நிலத்திலை பிள்ளையளை விளையாட விட்டிருக்கிறீரோ? கொஞ்சமெண்டாலும் அறிவிருக்கோ உமக்கு?" என்று கத்தினார். ஆறு, லயம், கொட்டை எல்லாவற்றையும் காலால் அரைத்துத் தள்ளினார். பிறகு என் கன்னத்தில் ஓர் அறை. பிள்ளைகள் அழுதார்கள். அதிகாரி எழுந்து, உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தார். நிலமெல்லாம் கிழங்கு நட வேண்டும் என்பது அவர்கள் போட்ட உத்தரவுதான். இருவரும் போய்விட்டார்கள்.

மத்தியானம் கிராணி தனியாக வந்தார். வாசலோடு நின்றார். என் கன்னத்தைப் பார்க்கவில்லை.

"பூகோளம் படிப்பிக்கிறது நல்லதுதான். மரத்தை வையும், ஆத்தை வையும். ஆக்களை வையாதையும்."

"ஐயாவுக்கு முன்னமே தெரியுமா?"

"செத்தவன் எண்டு பேரை அடிச்சது ஆர்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். நடை மிகவும் தளர்ந்திருந்தது. அவருக்கும் சாப்பாடு இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

சண்டை முடிந்தது. அந்தக் குழந்தையின் அப்பா வெளியே வந்தார். கிராணியையே ஏமாற்றிவிட்டார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் பெண்டாட்டி பிள்ளையோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு சயாமிலிருந்து ஐந்து பேர்தான் திரும்பினார்கள். வாத்தியார் திரும்பவில்லை. அன்று ஜனங்கள் கிராணி வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். கல்லும் சேறும் விழுந்தன. நெற்றியில் ரத்தத்தோடு ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் இறங்கி வந்தார். கூட்டத்தில் நான் மூன்றாவது வரிசையில் நின்றேன். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் நடுவில் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் என்றுதான் இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இருபத்தொரு பேரின் பெயரை எழுதியதும் அந்தக் கைதான், ஒரு பெயரை அடித்ததும் அந்தக் கைதான். இரண்டையும் சேர்த்து எப்படி நினைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு பெயரைப் பற்றித் தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். குடிமை என்றால் என்ன என்று மகள் கேட்டுவிடுவாளோ என்றுதான் எழுந்து போனேன்.

அந்தப் பூகோளப் பாடத்துக்கு மறுநாள் குடிமை நடத்த வேண்டிய முறை. நடத்தவில்லை. பிள்ளைகளும் நானும் பள்ளிக்குப் பின்னால் மண்ணைக் கொத்தி, படம் போட்டிருந்த இடத்தில் மரவள்ளிக் குச்சி நட்டோம்.