ஐந்தாவதாக ஊதியவர்

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. இதைச் சொல்கிற எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள், அதுவும் தெரியும். ஆனால் நான் போலீஸில் பதினோரு வருடமாக இருக்கிறவள். பிணத்துக்குக் காவலாக ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்து, பக்கத்திலேயே பொட்டலத்தைப் பிரித்து இட்லி தின்றிருக்கிறேன். அதனால் பயந்தாங்கொள்ளி என்று மட்டும் நினைக்காதீர்கள்.

போன வருடம் மாம்பழ சீசன் முடிந்த சமயம். சித்தூரில் எங்களுக்கு இரண்டு நாள் டிரெயினிங் போட்டார்கள். குடித்துவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்களை மெஷினை மட்டும் நம்பாமல் கண்ணால் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு டாக்டர் வந்து சொல்லிக் கொடுத்தார். பேனாவை முகத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாக நகர்த்த வேண்டும், போதை இருந்தால் கண் வழுக்கிக்கொண்டு போகாமல் வெட்டி வெட்டிப் போகும். கோட்டின் மேல் குதிகால் பெருவிரலில் இடிக்க ஒன்பது அடி நடந்து திரும்பி வரச் சொல்ல வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்ல வேண்டும்.

பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே, அதற்காக ஹோம்கார்டுகளில் நான்கு பேருக்கு டாக்டரே அளந்து சரக்கு ஊற்றிக் கொடுத்தார். அதற்கு என்ன போட்டி என்கிறீர்கள்! டியூட்டி நேரத்தில், டாக்டர் கையால், சும்மா கிடைக்கிற சரக்கு. யாருக்கு எவ்வளவு ஊற்றினார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்கள்தான் கண்டுபிடித்துத் தாளில் எழுத வேண்டும். வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணி, கொளுத்துகிற வெயில், மைதானத்தில் ஆளுக்கொரு சுண்ணாம்புக் கோடு. நான் கடைசிக் கோடு, புளியமரத்தை ஒட்டி.

நான்கு பேரையும் பார்த்து முடித்தேன். ஐந்தாவதாக ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும், காக்கிச் சட்டை, இடது புருவத்தை இரண்டாகப் பிளந்த மாதிரி தழும்பு. நான் யோசிக்கவே இல்லை, இன்னொருவரையும் சேர்த்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"பேரு இன்னாண்ணா?" என்று கேட்டேன்.

"ஏழுமலை."

எங்கள் ஜில்லாவில் தெருவில் நின்று ஏழுமலை என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். எழுதிக்கொண்டேன். ஊதச் சொன்னேன், ஊதினார், ஜீரோ. ஆனால் பேனாவை நகர்த்தினால் கண் அதன் பின்னால் வரவே இல்லை, நடுவழியில் நின்றுவிடுகிறது. நடக்கச் சொன்னால் ஏழாவது அடியில் கோட்டை விட்டு விலகி, காற்றைப் பிடிக்கிற மாதிரி கையை வீசினார்.

"குடிச்சீங்களா, இல்ல நடிக்கிறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"குடி இல்லம்மா. தூக்கம். ரெண்டு நாளா ஓட்டிக்கினே கீறேன்."

நடிப்பு பிரமாதம் என்று நினைத்து, போய் நிழலில் உட்காருங்கள் என்றேன். தாளில், வண்டி ஓட்டத் தகுதி இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

டாக்டர் தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எல்லோர் தாளிலும் நான்கு பேர், என் தாளில் ஐந்து பேர். ஏழுமலை என்று யாரும் இல்லை. புளியமரத்தடியில் யாரும் இல்லை. சாந்தியும் ஒரு ரவுண்டு போட்டிருக்கிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் என் மெஷினில் ஐந்து சீட்டு அச்சாகியிருந்தது, கடைசிச் சீட்டு ஜீரோ. தப்பாக அமுக்கியிருப்பாய் என்றார் டாக்டர். அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் இரண்டு வாரம் கழித்து. சித்தூர் - வேலூர் ரோட்டில், குடிபாலா தாண்டி, விடிகாலையில் வண்டிகளை நிறுத்தி ஊதச் சொல்லிக்கொண்டிருந்தோம், நானும் எஸ்.ஐ.யும். ஆறு மணி இருக்கும், நன்றாக வெளுத்துவிட்டது. தக்காளி ஏற்றிக்கொண்டு ஒரு மினி லாரி வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். நம்பினால் நம்புங்கள், அதே புருவம், அதே தழும்பு.

மெஷினை நீட்டினேன். ஜீரோ. லைசென்ஸை வாங்கிப் பார்த்தேன், ஏழுமலை.

"சித்தூருல போலீஸ் டிரெயினிங்குக்கு வந்தீங்களாண்ணா?" என்றேன்.

"நானா? நான் இன்னாத்துக்கும்மா அங்க வரப்போறேன்?" என்றவர் என் முகத்தையே பார்த்தார். "ஆனா உங்கள எங்கியோ பாத்தாப்பல கீது."

இறங்கச் சொல்லி, ரோட்டோர வெள்ளைக் கோட்டில் நடக்கச் சொன்னேன். எனக்குத் தெரியும், நடப்பதற்கு முன்னாலேயே தெரியும். ஏழாவது அடியில் விலகினார். கையை அதே மாதிரி வீசினார்.

பின்னால் வண்டிகள் நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. எஸ்.ஐ. வந்தார். "ஜீரோ கதம்மா, வதிலெய்" என்றார், ஜீரோதானே, விட்டுவிடு என்று.

"சார், கண்ணைப் பாருங்க சார், இந்த ஆள் ஓட்டக் கூடாது."

மெஷின் ஜீரோ காட்டினால் கோர்ட்டில் என்னத்தைக் காட்டுவாய், தூக்கத்துக்கு எந்தச் சீட்டைக் கிழிப்பாய் என்று தெலுங்கில் கத்தினார். நான் என்ன சொல்ல முடியும்? இந்த ஆள் ஏற்கெனவே என்னிடம் ஊதியிருக்கிறார் என்றா?

ஏழுமலை பக்கம் திரும்பி, "அரை மணி நேரம் ஓரமா படுத்துட்டுப் போங்கண்ணா" என்றேன்.

"மார்க்கெட் போயிடும்மா. முன்னாடி ஒரு டீ போட்டுக்கினு போயிடறேன்." போய்விட்டார்.

இருபது நிமிடத்தில் வயர்லெஸ்ஸில் வந்தது. பஞ்சராகி ஓரமாக நின்றிருந்த டிரெய்லரின் பின்னால், பிரேக்கே போடாமல். நாங்கள் போனபோது ரோடு முழுக்கத் தக்காளி. அவரை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. எடுத்து ஒன்றும் பிரயோஜனம் இல்லை.

அந்த மெஷினை அதற்கப்புறமும் தினம் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஜீரோ வந்தால் அனுப்பிவிடுகிறோம். தூக்கத்தோடு போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். டாக்டர் சொல்லிக் கொடுத்ததை வைத்து இன்றுவரை ஒருவரைக்கூட நான் நிறுத்தியதில்லை.

அவருடைய போனையும் பர்ஸையும் வீட்டில் ஒப்படைக்க வேண்டியிருந்தது, நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். நகரிப் பக்கம் வீடு. அவர் மனைவி பவர்லூமில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவள். நான் சேலையில் போயிருந்ததால் என்னை ஆபீஸில் வேலை செய்கிறவள் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவில் தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னாள்.

"சாவறதுக்கு ரெண்டு வாரம் முன்ன, வியாழக்கெழம, வண்டிக்கு வாடக கெடைக்கலன்னு மத்தியானம் துன்னுட்டுப் படுத்தாரு அக்கா. எழுந்து ஒக்காந்துக்கினு சிரிக்கிறாரு. யாரோ பொம்பள போலீசு கனவுல வந்து கோட்டு மேல நடக்க விட்டாளாம். இப்பிடி." எழுந்து, குதிகாலைப் பெருவிரலில் இடித்து, அந்தச் சின்ன அறைக்குள் நான்கு அடி நடந்து காட்டினாள். அதற்கு மேல் சுவர். "அழுதுக்கினே சொன்னாளாம், இன்னிக்கு வண்டி எடுக்காதே, இன்னிக்கு வண்டி எடுக்காதேன்னு. எந்த இன்னிக்குன்னு சொல்லலயே, அதுக்காவ தெனிக்கும் வண்டிய நிறுத்திட்டு ஒக்கார முடியுமான்னு கேட்டுச் சிரிச்சாரு."

அந்தப் போலீஸ் நான்தான் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நீங்கள் நம்பாமல் போனாலும் பரவாயில்லை. ஆனால் இதை மட்டும் எனக்கு யாராவது சொல்லுங்கள். மைதானத்தில் நான் அழவில்லை, சிரித்துக்கொண்டு நின்றேன். ரோட்டில் அரை மணி நேரம் படுங்கள் என்றுதான் சொன்னேன். இன்றைக்கு வண்டி எடுக்காதே என்று அந்த ஆளிடம் நான் சொல்லவே இல்லை.