முன்கூட்டியே போட்ட மொட்டை

எண்பதுகளில் எனக்கு இருந்த ஒரே ஆசை பினாங்கை விட்டுப் போவது. அமெரிக்காவில் எம்.பி.ஏ. படிக்க வேண்டும். டத்தோ கிராமாட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்த வீடு. வேலை கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில். தினமும் ஃபெர்ரியில் எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். நான் காலை ஆட்டிக்கொண்டே நுழைவுத் தேர்வுப் புத்தகத்தைப் புரட்டுவேன். அதில் ஒரு வகைக் கேள்வி என்னைப் படாதபாடு படுத்தியது. விடை வேண்டாமாம், கொடுத்திருக்கும் தகவல் விடை காணப் போதுமா என்று மட்டும் சொன்னால் சரியாம். கேட்டதற்கு மேல் யோசிக்கிறவன் அதில் தோற்றுப்போவான். நான் எதிலும் மேலே மேலே யோசிக்கிற ஆள்.

அம்மா, சீனர்களும் வந்து வேண்டிக்கொள்ளும் தண்ணீர்மலை முருகனுக்கு என் தலையை நேர்ந்துகொண்டார். வேண்டியது நடந்த பிறகு மொட்டை போடுவதுதான் வழக்கம். அம்மாவின் கணக்கு வேறாக இருந்தது.

"அடுத்த தைப்பூசத்துக்கு நீ அமெரிக்காவுல இருப்பே. யாரு தலையக் கொண்டுபோய்க் குடுக்கறது? இந்த வருசமே போட்டுரு லா."

"தைப்பூசம் முடிஞ்ச சனிக்கிழமை டெஸ்டும்மா."

"அதுக்கென்ன, மூளையவா செரைக்கறாங்க?"

போட்டேன். மீசையும் சேர்ந்து போனது. பாஸ்போர்ட் என்று ஒன்று இருப்பது எங்கள் இரண்டு பேருக்குமே நினைவுக்கு வரவில்லை.

தேர்வு நாளில் வாசலில் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். படத்தில் காதை மறைக்கும் முடி, அடர்ந்த மீசை. எதிரே உரித்த முட்டை மாதிரி நான். "இது நீங்கள் இல்லை" என்றார் ஆங்கிலத்தில். இந்தத் தேர்வு போனால் அந்த வருட விண்ணப்பமும் போச்சு. சாமி, வேண்டுதல் என்று ஏதோ உளறிக்கொண்டிருந்தேன். வரிசையில் என் பின்னால் நின்ற சீனர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். அவரும் மொட்டை.

"தைப்பூசம் லா, மேடம்," என்றார்.

அந்தம்மா இரண்டு தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எங்களை உள்ளே விட்டார்.

தேர்வில் நான் எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண். ஆனால் விண்ணப்பித்த மூன்று கல்லூரிகளும் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. மூன்றாவது கடிதம் வந்த அன்று அடுக்களையில் போய்க் கத்தினேன்.

"தலையக் குடுத்து என்னம்மா புண்ணியம்? உங்க முருகன் நல்லா ஏமாத்திட்டாரு."

அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். "அவர ஏன் திட்டறே? டெஸ்டு நல்லா செய்யணும்னு கேட்டேன். செஞ்சியா இல்லியா?"

"அப்ப அமெரிக்கா?"

"அத நான் கேக்கலியே." கை நிற்கவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "கேக்கலாம்னுதான் போய் நின்னேன். வாய் வரல தம்பி."

கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து நானும் நெத்திலித் தலைகளைக் கிள்ள ஆரம்பித்தேன். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.